பெட்டிக்குச் சுற்றிய சேலை

சென்னை

அன்புள்ள மாமாவுக்கு, மாரிச்செல்வி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். நாலு மாடி ஏறி இறங்குவதில் என் கால்தான் என்னைத் திட்டுகிறது. உங்கள் மூட்டுவலிக்கு ஊசி போட்டீர்களா, இல்லை ஊசியைப் பார்த்து ஓடி வந்துவிட்டீர்களா?

நான் பெருக்கும் ஆபீசில் பில் போடுகிற கம்ப்யூட்டர் பத்து நாளாகத் தானாகவே அணைந்து தானாகவே எரிந்தது. வைரஸ் என்றார்கள், கரண்டு என்றார்கள். நேற்று மெக்கானிக் மேஜைக்கடியில் குனிந்தான்.

"பெட்டிக்கு யாரு சேலையைச் சுத்துனது? காத்துப் போகாம கொதிக்குது!"

"நாந்தேன்யா. தூசி அடையுமேன்னு சுத்துனேன்."

வெடிக் கம்பெனியில் இருபது வருஷம் பெட்டி பொதிந்த கை சும்மா இருக்குமா, மாமா? எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அழிந்த பில்லையெல்லாம் திரும்பப் போட வேண்டுமாம், தீபாவளிக்கு யாருக்கும் லீவு இல்லையாம். ஆபீஸ் திறந்தால் பெருக்க நானும் வேண்டுமே. அதனால் தீபாவளி கழித்துத்தான் வருவேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியையும் கொஞ்சம் பருப்புப் பொடியும் அனுப்புங்கள். தீபாவளியன்று வீட்டில் தனியாக உட்காராமல் நம் மகள் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். ஒரே ஒரு புஸ்வாணத்தை மட்டும் எனக்கு எடுத்து வையுங்கள். அது நமுத்துப் போகாமல் என் பச்சைச் சேலையைச் சுற்றுங்கள். அதற்குச் சுற்றலாம்.

டீ கிளாஸ் கழுவக் கூப்பிடுகிறார்கள்.

மாரி