எல்லைக்கல்லுக்கு அந்தப்புறத்து விதைப்பூண்டு

இரண்டு நாளாகச் சமையலறையில் புகைவாசனை. மருமகள் சந்தையிலிருந்து ஒரு கட்டு மலைப்பூண்டு வாங்கி வந்து ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறாள். விறகடுப்புக்கு மேலே பரணில் கிடந்து புகையேறிய பூண்டு. மன்னவனூர்ப் பூண்டு என்று கடைக்காரர் சொன்னாராம். கடைக்காரர்கள் சொல்வதை நான் உடனே நம்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வாசனை உங்கள் கம்பளியில் இருந்த அதே வாசனை. நீங்கள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்பதைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே:

1. நாட்டை மொழியால் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது. அதை நான் ஏன் நம்பவில்லை.
2. உங்கள் தங்கையின் விதைப்பூண்டு.
3. அதன் பிறகு நீங்கள் பேச்சை நிறுத்தியது பயத்தினால் என்பது.
4. பிரியலாமா, கூடாதா என்பதில் நான் இன்று நிற்கும் இடம்.

எங்கள் ஏரிக்கரை ஊரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மன்னவனூரிலிருந்து மட்டக்குதிரைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவீர்கள். விற்று முடித்ததும் பாலக்காட்டுக்காரரின் டீக்கடை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் நான் அங்கே முன்னதாகவே போய், வாசலைப் பார்த்தபடி, சுவரில் முதுகு படிய உட்கார்ந்திருப்பேன். யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரியாத இடத்தில் எனக்கு டீ இறங்காது. நீங்களோ உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டு வருவீர்கள்.

"வாத்தியாரய்யா, வடக்க இருக்கறவுக பேச்சும் நம்ம பேச்சும் ஒட்டாதுங்க. ஒட்டாததை ஒரே சாக்குல போட்டுக் கட்டுனா அழுகித்தான் போகும். தெக்க இருக்கற நாலு பாஷைக்காரங்களும் தனியாப் போயிர வேண்டியதுதான்."

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "அந்த நாலுல நானும் உண்டா?"

"ஒங்கள விட்டுட்டா டீ யாரு போடுறது?"

"ஓ, டீ போடத்தான் கூப்பிடுறதாக்கும்! ஒரு மந்திரி வேலை தந்தா யோசிக்கலாம்."

கடையே சிரிக்கும். நான் சிரித்தேனா என்பது நினைவில்லை. மந்திரி வேலை என்ற சொல் என் மனத்தில் தங்கிவிடும். பிரிய வேண்டும் என்று மேடையேறிச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த நாற்காலிகளை இப்போதே எண்ணி வைத்திருக்கிறார்கள் என்று யோசிப்பேன். பிரியவே கூடாது என்பவர்களையும் நான் விடவில்லை. ஒரே நாடு என்று தொடங்கும் பேச்சு ஒரே மொழி என்று முடிவதை எத்தனையோ முறை கேட்டிருந்தேன். இரண்டு பக்கமும் யாரோ எதையோ மறைப்பதாகவே எனக்குப் பட்டது. அப்படிப் பட்டது என் புத்தியா, சுபாவமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் தைரியம் வந்து உங்களிடம் கேட்டேன். நீங்கள் சொல்லும் நாட்டில் தாலுகா ஆபீஸ் உத்தரவு எந்த மொழியில் வரும்?

"அதெல்லாம் நாலு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்குவோம்."

"நாலு பேர் பேசித் தீர்க்க முடியும் என்றால் இந்த நாட்டின் பதினாலு மொழிக்காரர்களும் ஏன் பேசித் தீர்க்க முடியாது?"

நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். "நாமெல்லாம் சோறு திங்கோம். வாத்தியாரு சந்தேகத்தத் தின்னே உசுரு வாழுறாரு!"

சிரிப்பிலேயே கேள்வியைத் தாண்டிவிட்டீர்கள். அதைத்தான் நான் கவனித்தேன்.

ஐம்பத்தாறு ஐப்பசியில் மொழி பார்த்து மாநிலங்களைப் பிரித்தார்கள். உங்கள் மலைக்கு மேற்கே, உங்கள் தங்கை வாழ்க்கைப்பட்ட வட்டவடைப் பக்கம் கேரளத்தோடு போயிற்று. அங்கே தோட்டங்களிலும் வயல்களிலும் இருந்த தமிழர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நீங்கள் கொதித்தீர்கள். நான்கு மொழிக்காரர்களின் நாடு என்ற பேச்சும் அன்றோடு போயிற்று. இனி தமிழுக்கு மட்டும் தனி நாடு என்றீர்கள். நான்கு ஒன்றாகச் சுருங்கியதைப் பார்த்து என் சந்தேகம் இன்னும் பெருகியது.

இனி இரண்டாவது விஷயம். ஒரே மண்ணில் விளைந்த பூண்டை அதே மண்ணில் விதைத்தால் பல் சிறுத்து நோய் கண்டுவிடும். அதனால் உங்கள் மேல்மலை ஊர்களில் விதையை முகட்டுக்கு அந்தப்புறமிருந்து மாற்றிக்கொள்வது வழக்கம். மாற்றிக்கொள்வது கல்யாணமாகிப் போன பெண்ணின் உரிமை. விதைப்புக்கு முன் அவள் தன் நிலத்துப் பூண்டைப் பிறந்த வீட்டில் இறக்குவாள், பிறந்த வீட்டுப் பூண்டைத் தன் காட்டுக்கு எடுத்துப் போவாள். விதைப்பூண்டுக்கு விலை பேசினால் இரண்டு வீட்டுக்கும் அவமானம். வேறு வீட்டில் வாங்கினாலும் அப்படித்தான்.

அந்த ஐப்பசியிலும் உங்கள் தங்கை வந்திருக்கிறார். நீங்கள் ஊர்க்கூட்டத்தில், பிடுங்கிக்கொண்டவர்கள் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பல் விதைகூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த நேரம். மூட்டையை வாசலிலேயே நிறுத்தினீர்கள். அடுத்த ஞாயிறு அதை எங்களிடம் வீரமாகச் சொன்னதும் நீங்கள்தான்.

"எந்தங்கச்சி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பிடுங்குனது நானாண்ணே?'னு கேட்டுச்சு. கேட்டுட்டு மூட்டையத் தூக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருச்சு."

டீக்கடையில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு விதைப்பு அப்படியே போயிற்று. உங்கள் குதிரைகளில் மூட்டை குறைந்தது. சந்தையில் உங்கள் பூண்டைக் கையிலெடுத்தவர்கள் அப்படியே கீழே வைத்ததை நான் பார்த்தேன். பிறகு ஒரு விடுமுறையில், "சும்மா காலாற நடந்துட்டு வரலாம், வாங்க" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். வெள்ளனே கிளம்பினோம். குதிரை முதுகில் ஒரு மூட்டை இருந்தது. எங்கே போகிறோம் என்று பாதி வழியில்தான் சொன்னீர்கள். முகட்டில் எங்காவது போலீஸ் நிற்கும், கேள்வி கேட்கும், என் பெயர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன். முகட்டில் ஒரு எல்லைக்கல் மட்டும்தான் நின்றது. குதிரை அதில் கழுத்தை உராய்ந்துவிட்டுப் போயிற்று.

உங்கள் தங்கை நம்மை வாசலில் பார்த்தார். உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மணை எடுத்துப் போட்டார்.

"வாத்தியாரே, கூட வந்தவுகளுக்கு மோர் வேணுமான்னு கேளுங்க."

நீங்கள் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். "குடுத்தா குடிப்பேன்னு சொல்லுங்க" என்றீர்கள். நான் எதையும் திருப்பிச் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு ஆள் இருக்க வேண்டியிருந்தது.

மோர் வந்தது. தங்கை கதவில் சாய்ந்துகொண்டார்.

"அவுகள ஒண்ணு கேளுங்க, வாத்தியாரே. நாட்டப் பிரிக்கணும்னு மேடையில பேசுறாகளாமே, அதுல நாங்க அங்கிட்டா, இங்கிட்டா?"

"ஒன்னையும் சேத்துத்தான் பேசுறோம்னு சொல்லுங்க."

"என்னையச் சேக்குறதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா? கல்ல நட்டவுகளும் கேக்கல. கல்லப் புடுங்கணுங்கறவுகளும் கேக்கல. எம்மக பள்ளிக்கூடத்துல மலையாளம் படிக்கா, வீட்டுல தமிழ் பேசுதா. ரெண்டும் அவளுக்கு ஒதவும்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். இவுக பிரிச்சுவிட்டா, நானு நெலத்த விட்டுட்டு அங்க வரணுமா? இல்ல, பேச்ச விட்டுட்டு இங்க கெடக்கணுமா? ரெண்டுல எதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "மோர் நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்றீர்கள்.

"உப்பே போடல. அதையுஞ் சொல்லிருங்க."

பிறகு நீங்கள் எழுந்து போய்க் குதிரையிலிருந்த மூட்டையை இறக்கி அவர் காலடியில் அவிழ்த்தீர்கள். பல்லெல்லாம் சூம்பிக் கிடந்தது. அவர் உள்ளே போய்த் தன் மூட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் அவிழ்த்தார். அதுவும் அப்படியே சூம்பிக் கிடந்தது. நீங்கள் நிறுத்தியபோது அவர் காட்டுக்கும் மாற்று விதை நின்றுபோயிற்று. நீங்கள் இருக்கும்போது இன்னொரு வீட்டுப் படி ஏற அவர் மனம் ஒப்பவில்லை. நீங்கள் இரண்டு குவியலையும் பார்த்தபடி குந்தியிருந்தீர்கள். அப்போதுதான் அவர் முதல்முறையாக உங்களைப் பார்த்துச் சொன்னார்: "மண்ணு மாறுனா தெளிஞ்சிரும்ணே. வெரசாக் கட்டு, மழ வருது."

அதற்குப் பிறகு நாடு பிரிவது பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்கவில்லை. "உங்க நாட்டுக்கு என்ன ஆச்சு?" என்று டீக்கடைக்காரர் சீண்டினால் உருளைக்கிழங்கு விலைக்குத் தாவிவிடுவீர்கள்.

இதுதான் மூன்றாவது விஷயம். அண்ணன் தங்கை சமாதானத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு காரணம் தேடினேன். அந்த நாட்களில் ஏரிக்கரையில் புதிதாக ஒருவர் தினமும் நடந்துகொண்டிருந்தார். எனக்கு அவர் மாறுவேடப் போலீஸ். ஒரு ஓட்டலில் கணக்கெழுத வந்தவர் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அவரை முழுக்க நம்பவில்லை. யாரோ உங்களை மிரட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். சில வருடம் கழித்துப் பிரிவினை கேட்பதற்குத் தடையாகச் சட்டமும் வந்தது. அது வரப்போவதை நீங்கள் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டீர்கள் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அறுபத்தைந்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் ஏரியைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். ஆசிரியர் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நடுவே தலையில் கம்பளியை மடித்துப் போட்டபடி நீங்கள். போலீஸ் வந்து வண்டியில் ஏறச் சொன்னபோது முதலில் ஏறியதும் நீங்கள்தான். இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். மறுபடியும் பிரிவினைக்கே போய்விட்டீர்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். நீங்கள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எம்பேச்சுல கை வைக்காதேன்னு நான் கேக்கலாங்க. அது என் பாடு. எந்தங்கச்சி நெலத்துல கோடு போடணும்னு நான் எப்படிங்க கேக்கறது?"

பதிலை நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

நான்காவது விஷயம் சிறியது. மொழியைக் காட்டி ஒருவனைக் குனிய வைக்கும் நாடு தானே தன்னைப் பிளந்துகொள்கிறது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் எழுந்து நின்று மறுப்பது நியாயம். ஆனால் எல்லைக்கோட்டை வேறிடத்தில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் இன்றும் நம்பவில்லை. எங்கே போட்டாலும் அதன்மேல் ஒரு வீடு இருக்கும். பிரி என்றும் பிரியாதே என்றும் யார் பேசக் கேட்டாலும், கோட்டின் மேல் குடியிருப்பவர்களைக் கேட்டார்களா என்று முதலில் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் உங்கள் தங்கையிடமிருந்து எனக்கு வந்தது. வயதான பிறகும் போகவில்லை.

எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது விஷயம் நிற்கவில்லை. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டு சூம்பிய குவியல்களுக்கு எதிரே குந்தியிருந்தபோதே நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். பயந்தவர் அந்த வண்டியில் முதலில் ஏறியிருக்க மாட்டார். அந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, தவறு என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரு மனிதர் பேச்சை நிறுத்துவதற்குப் பயத்தைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று எனக்கு இத்தனை வருடமும் தோன்றவே இல்லை.