ஒற்றைப் பிள்ளை என்றுதான் சொன்னேன்

ஆரையம்பதி
04.05.1993

அன்பின் டோறாவுக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் எனக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டாம் திகதி, காலை ஒன்பது மணி. ஒரேயொரு நேர்ஸ் இடம். மூன்று வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பிப் படித்த நாம் இரண்டு பேரும் போட்டி.

தம்பி கோணாமலையைச் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோய் இன்றோடு நாற்பத்தொரு நாள். எந்த இராணுவ முகாமில் கேட்டாலும் "இங்க இல்ல" என்கிறார்கள். நேர்ஸ் உடுப்போடு போனால் வாசலில் வைத்தாவது கதைப்பார்கள் என்று அம்மா நம்புகிறா. அந்த நம்பிக்கையில்தான் ஒரு வாய் சோறு இறங்குகிறது. இந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

பிடிபட்டவனின் அக்கா என்று தெரிந்தால் எடுக்கமாட்டார்கள். ஒற்றைப் பிள்ளை என்று சொல்லப்போகிறேன். நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

உன்
சீதேவி


மட்டக்களப்பு
07.05.1993

என் சீதேவிக்கு,

முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. விடியப் புறப்பட்டு, வழியில் ஆமியின் சென்றியில் மறித்தார்கள் என்றால் ஒன்பது மணிக்கு வந்து சேரமாட்டாய். அம்மா உன் வெள்ளைச் சேலையை அயன் பண்ணித் தருவா.

கோணாமலையைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. மாதாமேல் ஆணை. உனக்குக் கிடைத்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.

அன்புடன்
டோறா


ஆரையம்பதி
20.05.1993

அன்பின் டோறா,

எட்டு நாளாகத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்தபடி இருக்கிறேன். உனக்குக் கடிதம் வந்ததா?

மருந்தளவு, இரத்தம் ஏற்றுவது எல்லாம் தடக்காமல் சொன்னேன். தலைமை நேர்ஸான பெரிய மிஸ்ஸி சிரித்துத் தலையாட்டினா. பிறகுதான் டாக்டர், "கூடப் பிறந்தவங்க?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்ல சேர்" என்றேன். சொன்னதும், தம்பியை நானே மண் போட்டு மூடியதுபோல இருந்தது. வெளியே வந்து பைப்படியில் வாயைக் கழுவினேன்.

எனக்குப் பிறகு உள்ளே போன நீ, திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கவேயில்லை. தலையிடி என்று சொல்லி வேகமாக நடந்துவிட்டாய். ஏன் புள்ள?

அம்மா நேற்றிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறா. ஒரு வரியாவது எழுது.

சீதேவி


மட்டக்களப்பு
29.05.1993

சீதேவி,

வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது.

அன்றைக்கு டாக்டர் என்னிடம், "அந்தப் பிள்ளை உங்கட கூட்டாளிதானே? வீட்டில பிரச்சினை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். "மறைச்சீங்கள் எண்டா நாளைக்கு ஆமி இங்க வந்து நிக்கும். நோயாளியளயும் இழுத்துக்கொண்டு போகும்" என்றார். பயந்துவிட்டேன். தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

பயம் மட்டும்தான் என்று எழுதினால் அதுவும் பொய். அந்த இடம் எனக்கும் வேண்டியிருந்தது.

திட்டி எழுது. ஆனால் எழுது.

டோறா


ஆரையம்பதி
11.06.1993

டோறாவுக்கு,

அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று உன் கடிதத்தை நாலு நாள் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு நானே வாசித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளயும் பயந்துதானே போச்சு" என்றா. எனக்கு அந்த மனம் வரவில்லை.

வாகரையில் ஒரு மருந்துக் கொட்டில் இருக்கிறதாம். டாக்டர் இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க ஆளில்லாமல் போன மாதம் இரண்டு தாய்மார் செத்துப்போனார்கள். அங்குள்ள பாதர் ஒருவர் ஆள் தேடி வந்தார். "என்ர தம்பிய ஆமி கொண்டுபோயிற்று. அதுக்குப் பிறகும் என்னை எடுப்பீங்களா?" என்று நானே முதலில் கேட்டேன்.

"அங்க எல்லா வீட்டிலயும் ஒருத்தர் இல்ல மகள். நீ எப்ப வாறாய்?" என்றார்.

நாளைக்குப் போகிறேன். அம்மா வரமாட்டாவாம். தம்பி வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமி பார்த்துக்கொள்ளுவா.

உன்னை வெறுக்கிறேன் என்று எழுதிப் பார்த்து, வெட்டிவிட்டு, இதை வேறு தாளில் எழுதுகிறேன். பதில் போடாதே. வாகரைக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்றார்கள். கேட்க நிம்மதியாக இருந்தது.

சீதேவி