ஒன்பது அங்குலக் கோடு

புரட்டாசி 2, வெள்ளி
காலையில் தூறல். கள்ளக்குறிச்சி ரோட்டில் இன்றும் பஸ் இல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் பிரசவம். வயிற்றிலேயே இறந்த பெண் குழந்தை. வீட்டுக்காரருக்குத் தந்தி கொடுத்தாயிற்று. கரியாலூர்ப் பள்ளிக்கூட வாத்தியார், மலையிலிருந்து இறங்க வண்டியில்லை.

வயிறு வற்றிவிட்டது. கோடு மட்டும் அப்படியே. தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை, கறுப்பாக. பிளவுஸ் தைக்கிற டேப்பால் அளந்தேன். ஒன்பது அங்குலம். பிள்ளை உண்டானால் நிறையப் பேருக்கு வருவதுதான், சில மாதத்தில் தானாக மறைந்துவிடும் என்றார் நர்ஸம்மா. வீட்டுக்காரர் ஆனியில் வந்தபோது தொப்புள் வரைதான் இருந்தது. முழுசாகப் பார்க்கவில்லை.

3, சனி
தைக்க வந்தது: டீச்சரம்மா பிளவுஸ் 2. கொக்கி, காஜா பாக்கி. எதையும் தொடவில்லை.

பால் கட்டி வலி. பால் வற்ற, மார்பில் வைத்துக் கட்ட மல்லி வேண்டும். பஸ் இல்லாமல் பூ வரத்து இல்லை. பூக்காரி அதற்குப் பதில் கனகாம்பரத்தை நீட்டினாளாம். அம்மா அவளைத் திட்டிவிட்டு வந்தாள். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை.

5, திங்கள்
நல்ல வெயில். அம்மா பயத்தமாவும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்தாள், குளிப்பாட்ட.

"அழுத்தித் தேச்சா போயிடும்டி. அத்த இன்னாத்துக்கு வச்சிக்கினு கீற?"

வயிற்றில் கைவைக்க விடவில்லை. அவர் பார்க்கட்டும், அப்புறம் போகட்டும். பெற்றவள் நீயா நானா என்று கத்திவிட்டேன். என்னைப் பெற்றவளிடம். தப்புதான். மன்னிப்புக் கேட்கவில்லை.

திரும்ப அளந்தேன். எட்டே முக்கால். டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ.

அவர் வேண்டும். இப்போதே வேண்டும்.

6, செவ்வாய்
மதியம் வந்துவிட்டார். நேற்று விடியலில் கிளம்பி, மலையிறங்கி, பாதி நடை, பாதி மாட்டுவண்டி. காலெல்லாம் கொப்புளம். அம்மா வெந்நீர் போடப் போனாள்.

கதவைச் சாத்திப் புடவையை விலக்கினேன். பார்த்தார். ரொம்ப நேரம். தொடவில்லை. வழியெல்லாம் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும் என்றுதான் நடந்தாராம்.

"கொழந்த மொகம் எப்டி இருந்திச்சி?"

பார்த்தால் மறக்க மாட்டேன் என்று அம்மா எனக்குக் காட்டவே விடவில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் மிச்சம் இது ஒண்ணுதானா?" என்றார். கோட்டின் மேல் முனையில் விரலை வைத்தார்.

வெந்நீர் காய்ந்துவிட்டது என்று அம்மா கூப்பிட்டாள். அவர் விரல் தொப்புளைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.