உன் பேரில் போடாத மனு

காலையில் எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வருகிறதல்லவா, கட்சிப் பேரை எழுத இப்போதே இடம் பிடிக்கிறார்கள். அந்தப் பச்சைச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும், தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்குச் சுவர் பிடித்த நீ வந்துவிட்டாய். இனிமையான ஞாபகம் என்று பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிந்தது.

திருவொற்றியூரில் நீ கால் வைக்காத சந்து உண்டா? எண்ணூர் ஆற்றில் எண்ணெய் மிதந்து வலையெல்லாம் நாறியபோதும், மணலிப் பக்கம் புகையில் பிள்ளைகள் இருமியபோதும், மனு எழுதி எடுத்துக்கொண்டு ஓடியவன் நீ. ஊருக்கெல்லாம் எழுதினாய்.

போன தேர்தலில் சீட்டு கேட்பதற்கான விருப்ப மனுவையும் என் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினாய். நிற்க ஆசைப்படுகிறவன் தன் பேரில் கொடுக்க வேண்டியது அது. நம் ஆட்களுக்கோ, தலைவர் இங்கே நிற்கட்டும் என்று அவர் பேரில் கொடுப்பதில் ஒரு பெருமை. நீயும் தலைவர் பேரை முத்து முத்தாக எழுதினாய். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாய்.

“என் பேர்லயும் ஒண்ணு போடட்டா மாமு?”

“தலிவருக்குப் போட்டுட்டு உனுக்கும் போட்டுக்கினா, நாலு பேரு இன்னா பேசுவான்?” என்றேன். நீ பேனாவை மூடிவிட்டாய்.

தலைவர் வழக்கம்போலத் தன் பழைய தொகுதிக்கே போனார். அவர் பேரில் ஒன்று, தன் பேரில் ஒன்று என்று இரண்டு கொடுத்த விவரமானவர்களை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பட்டியலில் உன் பேரே இல்லை. யானைக்கவுனியிலிருந்து வந்த மொத்த வியாபாரி ஒருவருக்குச் சீட்டு கிடைத்தது. கட்சிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று அவருக்குக் காட்டிக்கொண்டு, வெயிலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டவன் நீ. அவர் ஜெயித்தார். உன் சாவுக்கு மாலை அனுப்பினார். அதில் கட்டியிருந்த அட்டையில் உன் பேரைவிட அவர் பேர் பெரிதாக இருந்தது. இந்த முறையும் அவருக்குத்தான் சீட்டாம்.

டீக்கடையில் அவரைத் திட்டுகிறேன், கட்சியைத் திட்டுகிறேன். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். உன் மனைவிகூட, “நீங்க ஒருத்தர்தாண்ணே அவருக்காகப் பேசுறீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

உன் பேரில் மனு போட்டிருந்தால் யாரும் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள். அது எனக்கு அன்றே தெரியும். நீ கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்ததடா.