இரண்டாவது பத்து

பாப்பாவுக்கு,

போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு நீ போன அன்றே நம் வீட்டு ஜெபமாலையை நிறுத்தியவன் நான்தான். மூன்று வருஷமாக அது மாதா சுரூபத்தின் கழுத்தில் சும்மா தொங்கியது. இந்தப் புத்தாண்டுப் பூசை முடிந்து வந்ததும் அம்மா அதை எடுத்துத் துடைத்தாள். துறைமுகத்திலிருந்து பறந்து வந்து அதில் படிந்த கரித்தூள் முந்தானையெல்லாம் ஒட்டியது. "இன்னிலேர்ந்து மறுபடி சொல்றோம்" என்றாள். நானும் முழங்கால் போட்டேன்.

முதல் பத்து மணிகளை நான் சொன்னேன். ஐந்து பத்துகளில் இரண்டாவது எப்போதும் உன்னுடையது. அம்மா வாயே திறக்கவில்லை. "சொல்லேன்" என்று அதட்டினேன்.

"அது புள்ளையோட பத்து. நான் இன்னாத்துக்கு சொல்லணும்? தொரத்துனது நீதானே, நீயே சொல்லு."

எனக்கும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் நாலு பத்தோடு எழுந்துவிடுகிறோம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா போனுக்குக் கூப்பிடு. மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். என்னோடு நீ ஒன்றும் பேச வேண்டாம். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பி, போதும். ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் மறுபாதியை நான் சொல்கிறேன்.

முழங்கால் வலியோடு,
அப்பா