எல்லோருக்கும் பச்சை

செவ்வாய், இரவு

எட்டாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தக் கருவி மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனபோது மூன்றாவது பெஞ்சில் ராஜேஸ்வரி இல்லை. காய்ச்சலா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்.

"இல்ல டீச்சர், பட்டாசு கம்பெனி வேன்ல போறா. இருபது நாளாச்சு. சீசன் முடிஞ்சுதான் வருவாளாம்."

போனில் வருகைப் பதிவு ஆப்பைத் திறந்தேன்; வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இத்தனை நாளும் அவள் பெயருக்கு நேரே பச்சை. வகுப்பாசிரியை ஸ்டெல்லா டீச்சரிடம் காட்டினேன். அவர் முகம்கூட மாறவில்லை.

"நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீக, ஒரு அமுக்கு அமுக்குனா அம்புட்டுப் பேரும் வந்ததா விழுந்திரும்னு?"

சொன்னேன்தான். காலையில் சிக்னல் நிற்காது, அதனால் முதலில் அதை அமுக்குங்கள், பிறகு வராதவர்களை மாற்றுங்கள் என்றேன். அவர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். கற்றுக்கொண்டாரே என்று நான் பூரித்துப்போய், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. தொடர்ந்து சிவப்பு விழுந்திருந்தால் யாராவது வீடு தேடிப் போயிருப்போம். பட்டாசு மருந்து நெடியில் அந்தப் பிள்ளை இத்தனை நாள் உட்கார்ந்திருக்காது.

பழைய தேதிகளைத் திருத்த ஆப் விடவில்லை. இன்றையதை மட்டும் சிவப்பாக்கினேன். சாயங்காலமே தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன டீச்சர், எட்டாம் வகுப்புல இன்னைக்கு ஒரு ஆளு குறையுதே?"

இருபது நாள் பச்சைக்கு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.