எட்டாவது அடுப்பு

28-4-63, ஞாயிறு

பூமண்டலத்தையே புரட்டிப்போடும் திருப்பணி ஒன்று இன்று காலை என் கையால் நடந்தேறியது. வேலம்மாளுக்குத் தனி அடுப்பு போட்டேன்.

செத்துப்போன அக்காளின் ஒரே மகள். அடுப்புக்கு முதல் மூன்று கை மண்ணைத் தாய்மாமன்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் குப்பத்து வழக்கம். மூன்றாவது கை வைப்பதற்குள் என் முதுகு மூன்று துண்டாகிவிட்டது. கடலூர் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை எண்ணின முதுகு! "எண்ணினது வாயி தானே மச்சான், முதுவுக்கு இன்னா வந்துது?" என்றான் என் கூட்டாளி பச்சமுத்து. பொறாமை.

மாமியார் மங்கம்மாவோடு வேலம்மாளுக்கு ஒத்துப்போகவில்லை. புருஷன் சடையப்பன் கட்டுமரத்தில் புலி, அம்மாவிடம் பூனை. கடைசியில் அம்மா வீட்டுச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கித் தனிக்குடித்தனம் என்று முடிவாயிற்று. இவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை பிறக்கும்போது தன் அடுப்பில் வெந்நீர் காய வேண்டுமாம். பிறந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

மங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஒரு சொவத்துக்கு ரெண்டு அடுப்பு. நடக்கட்டும், நடக்கட்டும். ரெண்டு பொகையும் என் கண்ணுலதானே படப்போவுது."

மத்தியானம் பச்சமுத்து வீட்டில் சங்கரா மீன் குழம்பு. என் சம்சாரம் போய்ச் சேர்ந்த பதினோரு வருஷமாக என் சமஸ்தானத்துக்கு மடைப்பள்ளி அதுதான்.

4-5-63

வெயில். சூரியன் என் கூரைமேல் குடிவந்து வாடகை கொடுக்காமல் இருக்கிறான். மேற்கிலிருந்து கச்சான் காற்று, நாள் முழுக்க.

9-5-63

எரிந்துவிட்டது.

11-5-63, சனி

இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை பகல் பதினோரு மணி. ஆண்கள் பாதிப் பேர் கடலில். வலைக்குச் சாயம் காய்ச்சிய இடத்திலிருந்து ஒரு பொறி. கச்சான் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனது. நாலாயிரம் வீடு —

இல்லை. நாற்பத்து மூன்று. நேற்றுச் சாம்பலுக்குள் நடந்து எண்ணினேன். மூட்டை எண்ணிய பழக்கம். உயிர்ச்சேதம் இல்லை. ஆடு நாலு.

நான் காப்பாற்றியது பச்சமுத்து வீட்டில் வைத்திருந்த என் தகரப் பெட்டியை. உள்ளே இந்த நோட்டு, ஒரு சட்டை, துறைமுகத்தில் கொடுத்த பித்தளை வில்லை. பக்கத்திலேயே அவன் வீட்டு அரிசிப் பானை இருந்தது. அதைத் தூக்கியிருக்கலாம். ஏன் தூக்கவில்லை?

எல்லோரும் சவுக்குத் தோப்பில் கிடக்கிறோம். கீரப்பாளையத்திலிருந்து குடியானவர்கள் இரண்டு வண்டியில் சோறு அனுப்பினார்கள். வேலம்மாள் சாப்பிடவில்லை. "பத்து நாளுதான் மாமா பொங்கினேன்" என்றாள். சோற்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

14-5-63

சர்க்கார் நிவாரணம் வருகிறது. ரொக்கம், மூங்கில், கீற்று, வேட்டி, சேலை. மணியக்காரர் தோப்புக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். கணக்கு எப்படியென்றால், கூரைக்கு அல்ல, அடுப்புக்கு. கூரை எரிந்துபோகும், மண் அடுப்பு நிற்கும். ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வெள்ளிக்கிழமை வந்து சாம்பலில் நிற்கிற அடுப்புகளை எண்ணுவார்.

இந்த இடத்தில்தான் என் மூளை — சாணக்கியனே வந்து காலைப் பிடித்துவிட வேண்டிய மூளை — வேலை செய்தது.

"மச்சான், அடுப்ப எண்ணத்தானே வர்றாரு? அடுப்புக்கு மண்ணு பஞ்சமா?" என்றேன் பச்சமுத்துவிடம்.

"என் வூட்ல ஒரு அடுப்புதானே?"

"உன் பையனுக்குத் தனிக்குடித்தனம்."

"அவனுக்குப் பொண்ணே பாக்கலியே!"

"பொண்ணு அப்புறம் பாப்போம். அடுப்பு மொதல்ல."

தீப்பிடித்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். அதற்காகவே சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம்.

15-5-63

விடிந்ததும் மண் பிசைந்தோம். ஏழு அடுப்பு. பச்சமுத்துவுக்கு ஒன்று, இன்னும் ஐந்து வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று, பதினோரு வருஷமாக உலை வைக்காத என் மனையில் ஒன்று. என்னுடையதுதான் அழகு. தஞ்சாவூர் அரண்மனையில்கூட அப்படி ஓர் அடுப்பு இருந்திருக்காது. மேலே சாம்பலை அள்ளித் தூவினோம்.

திரும்பும்போது வேலம்மாளும் மண் பிசைந்துகொண்டிருந்தாள். சரியாகக் காயாத புது அடுப்பு, நெருப்பில் பிளந்து விழுந்துவிட்டதாம். உடைந்த துண்டுகளை உள்ளே வைத்து மேலே பச்சை மண் பூசினாள். "நீயுமா தாயி, நடத்து!" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

சிரித்துவிட்டு வந்தேன்.

17-5-63, வெள்ளி

ஆர்.ஐ. லூர்துசாமி ஒல்லி மனுஷர், கையில் குடை. வெயிலுக்கு அதைப் பிடிக்கவே இல்லை. ஒவ்வோர் அடுப்பின் பக்கத்திலும் குடை நுனியை அழுத்தினார். நுனியில் மண் ஒட்டினால் நோட்டில் ஒரு சுழி. கோபமில்லை, சத்தமில்லை.

எட்டு சுழி.

மற்ற நாற்பத்திரண்டு அடுப்புக்கும் நிவாரணம் வாங்க மஞ்சள் சீட்டு கொடுத்துவிட்டார். எட்டும் விசாரணையில். அதுவரை சடையப்பன் குடும்பம் 'தாய் மங்கம்மாள் அடுப்பில் சேர்த்தி' என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, அது நெசமான அடுப்புங்க" என்றேன்.

"மத்தது?" என்றார்.

ஏழு அடுப்பையும் திரும்பிப் பார்த்தேன். ஊரே பார்த்தது.

18-5-63

வேலம்மாள் பேசினாள். மூன்றே வாக்கியம். "ஏழு பொய்யி போட்டிங்க மாமா. என்துதும் அதுல ஒண்ணாப் பூடுச்சி. இனிமே நான் அந்தம்மா அடுப்புலதான் வெந்நீரு கேக்கணும்."

20-5-63, திங்கள்

சிதம்பரம் தாலுகா ஆபீஸ். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ராத்திரி பகல் பாராமல் நான் தீட்டிய பதினொரு பக்க மனுவைக் கொடுத்தேன். 'ஊழித்தீயென மூண்டெழுந்த பெருநெருப்பில் தன் சகல சம்பத்தும் இழந்து தவிக்கும் அபலை' என்று ஆரம்பம்.

லூர்துசாமி இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். "இதப் படிச்சா ஒங்க குப்பத்துல அரண்மனை எரிஞ்ச மாதிரி இருக்கு. சம்பத்துன்னு போட்டிருக்கிங்களே, என்னென்ன எரிஞ்சுது?"

"ரெண்டு பானை. ஒரு பாய். ஒரு சேலை."

"அத எழுதறதுக்கென்ன?"

27-5-63

கடலூர். கலெக்டர் ஆபீஸ் மனு நாள். வரிசை வங்காள விரிகுடாவைத் தாண்டி ரங்கூன் வரை நீண்டிருந்தது. என் முறை வந்தபோது மணி மூன்று. மனுவில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை: 'சிதம்பரம் தாலுகா ஆபீசின் பார்வைக்கு.' நான் திரும்பிய பஸ்ஸிலேயே அதுவும் திரும்பியிருக்கும்.

கால் வீக்கம்.

3-6-63

மஞ்சள் சீட்டு இருந்தவர்களுக்கு மூங்கில் வந்து இறங்கியது. சடையப்பன் தன் அம்மாவுக்குக் கம்பு நட்டான். வேலம்மாள் கீற்று எடுத்துக் கொடுத்தாள், ஏழாம் மாதத்தில். மங்கம்மா கீழே நின்று, "பாத்தியா, ஒரே கூரை, ஒரே அடுப்பு. எம்மாம் சுளுவா முடிஞ்சிது" என்றாள்.

5-6-63

ஒன்றும் இல்லை.

12-6-63, புதன்

மறுபடி சிதம்பரம். மனு எதுவும் கொண்டுபோகவில்லை. லூர்துசாமி டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

"மாசக் கடைசில ஃபைல மூடணும். எட்டும் ஒரே மாதிரி ஈர மண்ணு. எது பொய்யின்னு யாராவது எழுதிக் குடுத்தா, மீதிய விசாரிப்பேன். இல்லேன்னா எட்டையும் அடிச்சிடுவேன்."

"எழுதிக் குடுத்தா கேஸா?"

"எழுதிக் குடுக்கறவர் மேல நான் கேஸ் போட்டா அப்புறம் எவன் உண்மைய எழுதுவான்?"

14-6-63

பச்சமுத்துவிடம் சொன்னேன். மீன் குழம்புக் கையோடு என்னைப் பார்த்தான்.

"எட்டுப் பேரும் ஒரே வாயா நிப்போம் மச்சான். பழைய அடுப்புதான், பூசினோம், அவ்ளோதான். நின்னா எட்டும் வரும்."

"வராது மச்சான். அவுரு குடையில மண்ணு ஒட்டிச்சி."

"அப்ப யாருக்கும் வாணாம். ஊரோட ஊரா. மண்ணு பெசயச் சொன்னது நீ. இப்ப காட்டிக்குடுக்கறதும் நீயா?"

அவன் சம்சாரம் அமிர்தம் என் இலையில் ரசம் ஊற்ற வந்தவள், ஊற்றாமல் திரும்பிப் போனாள்.

அவன் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. முழுக்க நான்தான்.

19-6-63

எழுதிவிட்டேன். என் ஆயுளிலேயே சின்ன மனு இது.

'குப்பத்தில் விசாரணையிலுள்ள எட்டு அடுப்பில் ஏழு பொய். அவற்றைப் போடச் சொன்னவன் நான். என் பெயரில் உள்ளதும் பொய், எனக்கு அடுப்பே கிடையாது. எட்டாவது சடையப்பன் மனைவி வேலம்மாளுடையது, அது நிஜம். — காத்தவராயன்.'

ஓர் ஊழித்தீ இல்லை, சம்பத்து இல்லை. நாலு வரி எழுத மூன்று நாள். பதினொரு பக்கம் ஒரே நாளில் எழுதினேன்.

28-6-63, வெள்ளி

லூர்துசாமி வந்தார். ஏழு அடுப்புக்கும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பெயரை அடித்ததைச் சொன்னார். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு வேலம்மாள் முறை. "எட்டாவது நெசம்ங்கிறிங்க. ஆனா ஒங்க மருமவ. ஏழு பொய் சொன்னவரு எட்டாவத எப்படி நம்பறது?" என்றார் என்னிடம். நியாயம். "தனியாப் பொங்கினத வேற யாரு பாத்தது?"

ஊர் பேசவில்லை. என் மேலுள்ள கோபம் அவள் தலையில் விடிந்தது. சடையப்பன் வாயைத் திறந்தான், அம்மாவைப் பார்த்தான், மூடினான்.

லூர்துசாமி மங்கம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவுங்க ஒங்க அடுப்புல சேர்த்தியா, தனியா?"

சேர்த்தி என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகனும் அவள் கூரைக்குள், மருமகளும் அவள் கைக்குள். அவள் அதைத்தானே விரும்பினாள்? நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மங்கம்மா முந்தானையை உதறிச் செருகினாள். ஆரம்பித்தாள்.

"சேர்த்தியா? இன்னா சேர்த்தி? பத்து நாளு! தனியா ஒல வெச்சா, தனியா தின்னா. பத்தாம் நாளு கெளுத்திக் கொளம்பு வெச்சா, வாசன என் மூக்க தொளைக்குது, மாமியாக்காரி ஒருத்தி சொவத்துக்கு அந்தாண்ட கெடக்கறாளே, ஒரு கரண்டி ஊத்துவோம்னு தோணுச்சா? என் புள்ளயும் நக்கித் துன்னுட்டு வாயத் தொடச்சிக்கினு வர்றான்! எளுதுங்க சார், நல்லா எளுதுங்க. ஒரு கரண்டி குடுக்கல!"

லூர்துசாமி எழுதினார். உண்மையாகவே முழுவதையும் எழுதினார். கெளுத்திக் குழம்பு உட்பட. கீழே மங்கம்மாவின் கைநாட்டு.

அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது மஞ்சள் சீட்டு வேலம்மாள் கையில் இருந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். மங்கம்மா, "என்னாடி பாக்கற? குடுத்தியா, குடுக்கலியா?" என்றாள்.

"குடுக்கல அத்த" என்றாள் வேலம்மாள், அழுதுகொண்டே.

3-7-63

பச்சமுத்து வீட்டில் இன்று உலை வைக்கவில்லையாம். ஐந்தாவது நாளாக. அடுப்புப் புகை மட்டும் வருகிறது, அதிசயமான வீடு.

வேலம்மாள் கூப்பிட்டாள். "வாணாம் தாயி, ஒன் அடுப்புல நான் குந்தினா ஆர்.ஐ. திரும்ப வந்து சேர்த்தின்னு எழுதிடுவாரு" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் இல்லை.

பொரி, வேர்க்கடலை.

22-7-63

சாய்ப்பு முடிந்தது. புது அடுப்புக்கு முதல் மூன்று கை மண்ணும் நான்தான் வைத்தேன். முதுகு ஒரே துண்டாகத்தான் இருந்தது. வலித்தது.

19-8-63

பெண் குழந்தை. காலை எட்டு மணிக்கு. வெந்நீர் வேலம்மாளின் அடுப்பில். காய்ச்சியவள் மங்கம்மா. உள்ளே நுழையும்போது என்னைப் பார்த்து, "இப்ப மட்டும் என் கை வேணும்" என்றாள். பானையை இறக்க விடவில்லை என்னை.

2-9-63, திங்கள்

பொரி தின்று பல் ஆடுகிறது. இன்று என் மனையில் நான் போட்ட பொய் அடுப்பைப் பார்த்தேன். மேலே இரண்டு ஓலை போட்டு வைத்திருந்ததால் கரையாமல் நன்றாகக் காய்ந்திருந்தது. குடை நுனி இறங்காது இனி. சுள்ளி வைத்துப் பற்றவைத்தேன். சோறு அடியில் கருகி, மேலே அரிசியாகவே இருந்தது. தின்றேன்.

தின்று முடிக்கையில் பச்சமுத்து வந்து நின்றான். வேறெங்கோ பார்த்துக்கொண்டு உடைந்த சட்டியை நீட்டினான். அவன் வீட்டில் நெருப்பு அணைந்துவிட்டது போல. நடுவில் நாலு வீடு தாண்டித்தான் என்னிடம் வந்திருக்கிறான். நாலிலும் புகை வந்துகொண்டிருந்தது.

கங்கு எடுத்துப் போட்டேன். இரண்டு. எண்ணித்தான் எழுதுகிறேன்.